காரும் காரும் பேச வேண்டும் என்ற விதி: அமெரிக்காவில் அது என்ன ஆனது?

அமெரிக்காவில் விற்கும் புது கார்கள் எல்லாம் ஒன்றோடொன்று ரேடியோவில் பேசிக்கொள்ள வேண்டும், அதை அரசு கட்டாயமாக்கப்போகிறது என்று 2016 டிசம்பரில் செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு, இந்நேரம் எல்லா வண்டியிலும் அது வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தால், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அப்படி ஒரு விதி அங்கே இன்றைக்குக் கிடையாது. வந்தது வரைவுதான். அதையும் 2023 நவம்பரில் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்த வரைவு என்ன கேட்டது, ஏன் நின்றது, இப்போது கார் வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கலாம்.

விஷயம் எளிமையானது. வண்டியில் ஒரு சின்ன ரேடியோ. நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இந்தத் திசையில் இந்த வேகத்தில் போகிறேன், பிரேக் போட்டிருக்கிறேன் அல்லது போடவில்லை என்கிற தகவலை நொடிக்கு 10 முறை சுற்றிலும் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய 300 மீட்டருக்குள் அதே ரேடியோ உள்ள வண்டி எது இருந்தாலும் அதைக் கேட்டுக்கொள்ளும். நடுவில் செல்போன் டவர் வேண்டாம், சிம் வேண்டாம், மாதச் சந்தாவும் வேண்டாம். கேமராவும் ரேடாரும் கண் மாதிரி, எதிரில் தெரிவதைத்தான் பார்க்கும். இது காது மாதிரி, லாரிக்கு அந்தப் பக்கம் வருகிற வண்டியும் கட்டடத்து மூலையில் மறைந்திருக்கிற வண்டியும் இதற்குக் கேட்கும்.

அதனால்தான் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான நிட்சா, குறுக்குச் சந்திப்புகளை முக்கியமாக எடுத்துக்கொண்டது. சந்திப்பில் பக்கவாட்டில் ஒரு வண்டி வேகமாக வருகிறது என்று எச்சரிப்பது ஒன்று. இடப்பக்கம் திரும்பும்போது எதிரே வருகிற வண்டியைச் சொல்லி எச்சரிப்பது இன்னொன்று (அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், அதனால் நம்மூரில் எதிர் வண்டியைக் கடந்து வலப்பக்கம் திரும்பும்போது இருக்கிற ஆபத்து அங்கே இடப்பக்கத் திருப்பத்தில் இருக்கிறது). எல்லா வண்டியிலும் ரேடியோ வந்துவிட்டால், இந்த இரண்டு எச்சரிக்கைகளாலேயே ஆண்டுக்கு 5,92,000 விபத்துகள் வரை தவிர்க்கலாம், 1,083 உயிர்கள் வரை காப்பாற்றலாம் என்று 2014இல் நிட்சா கணக்குப் போட்டது. காற்றில் போட்ட கணக்கு இல்லை. மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் 2012இலிருந்து கிட்டத்தட்ட 2,800 வண்டிகளில் ரேடியோவைப் பொருத்தி, சாதாரண மக்கள் அன்றாடம் ஓட்டுகிற சாலையிலேயே சோதித்திருந்தார்கள்.

சரி, வரைவு விதி என்ன சொன்னது? கார், சிறிய வேன், பிக்கப் போன்ற இலகு வாகனங்களில் புதிதாக விற்பவை எல்லாவற்றிலும் இந்த ரேடியோ இருக்க வேண்டும், எல்லாக் கம்பெனி வண்டியும் ஒரே வடிவத்தில் தகவல் அனுப்ப வேண்டும். விதி இறுதியாகி 2 ஆண்டுக்குப் பிறகு படிப்படியாக நடைமுறைக்கு வரும். எந்தெந்த எச்சரிக்கையைக் கொடுக்க வேண்டும் என்று விதி கட்டளையிடவில்லை என்பது பலர் கவனிக்காத விஷயம். பேசுவதுதான் கட்டாயம், கேட்டதை வைத்து ஓட்டுநரிடம் என்ன சொல்வது என்பதைக் கம்பெனிகளிடமே விட்டுவிட்டார்கள். அதேபோல, இந்த ரேடியோ தானாக பிரேக் போட வேண்டும் என்றும் கேட்கவில்லை.

'என் வண்டி எங்கே போகிறது என்று அரசு பார்த்துக்கொண்டே இருக்குமா' என்ற பயம் அப்போதே எழுந்தது, நியாயமான பயம்தான். அனுப்பும் தகவலில் ஓட்டுநர் பெயர், முகவரி, நம்பர் பிளேட் எதுவும் இருக்கக் கூடாது என்று வரைவிலேயே எழுதியிருந்தார்கள். தகவல் போலியானதல்ல என்று காட்டுகிற மின்னணுச் சான்றும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், யாரும் ஒரே வண்டியைத் தொடர்ந்து பின்பற்றிவிடக் கூடாது என்பதற்காக. இவ்வளவும் செய்தால் போதுமா என்ற விவாதம் முடியவே இல்லை.

இதற்கு ஏன் கட்டாய விதி, விருப்பமுள்ள கம்பெனி வைத்துக்கொள்ளட்டுமே என்று தோன்றலாம். இங்கேதான் சிக்கல். சீட் பெல்ட்டை நான் போட்டால் எனக்குப் பயன். பக்கத்து வண்டிக்காரர் போடாவிட்டாலும் என் பெல்ட் வேலை செய்யும். இது அப்படியில்லை. பத்தில் ஒரு வண்டியில்தான் ரேடியோ இருக்கிறது என்றால், சந்திப்பில் எதிர்ப்படுகிற இரண்டு வண்டியிலும் அது இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. பாதி வண்டிகளில் வந்த பிறகும் நான்கில் ஒன்றுதான். முதலில் வாங்குகிறவர் காசு கொடுத்துவிட்டு, கேட்க ஆளில்லாமல் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார். ஜிஎம் நிறுவனம் 2017இல் காடிலாக் சிடிஎஸ் காரில் இதை வைத்து விற்றது. பேசுவதற்கு இன்னொரு காடிலாக் சிடிஎஸ் அகப்பட வேண்டும்! இதனால்தான் சொல்கிறேன், இந்தத் தொழில்நுட்பத்துக்கு விதிதான் உயிர். அது தள்ளிப்போனபோது மற்ற எல்லாம் சேர்ந்து தள்ளிப்போயின.

ரேடியோவுக்கு வேண்டிய அலைக்கற்றை, விதிக்கு ரொம்ப முன்பே கிடைத்துவிட்டது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, 5.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 75 மெகாஹெர்ட்ஸை 1999இலேயே வண்டிகளுக்கென ஒதுக்கியது. இருபது ஆண்டு ஆகியும் அதில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அதற்குள் வீட்டு வைஃபைக்கு இடம் போதவில்லை என்று இன்னொரு கூட்டம் அந்த அலைக்கற்றையைக் கேட்டது. கார் உலகத்துக்குள்ளேயும் சண்டை: பழைய வைஃபை வகை ரேடியோவா, செல்போன் தொழில்நுட்பத்திலிருந்து வந்த புது வகையா? ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. டொயோட்டா 2018இல் பழையதை அறிவித்து, அடுத்த ஆண்டே நிறுத்தி வைத்தது. ஃபோர்டு 2019இல் புதியதை அறிவித்தது.

2020 நவம்பரில் எஃப்சிசி வெட்டிவிட்டது. கீழ்ப்பக்கம் 45 மெகாஹெர்ட்ஸ் வைஃபை போன்றவற்றுக்கு, மேலே 30 மட்டும் வண்டிகளுக்கு, அதுவும் செல்போன் வழி வந்த புது வகைக்கு. போக்குவரத்து அமைப்புகள் வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் எஃப்சிசி பக்கம் தீர்ப்பளித்தது. வரைவு விதி எழுதப்பட்டதோ பழைய ரேடியோவையும் முழு 75ஐயும் நம்பி. அடியில் இருந்த தரையே போன பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நிட்சா திரும்பப் பெற்றது.

இப்போது? புது வகை ரேடியோவுக்கான விதிகளை எஃப்சிசி 2024 நவம்பரில் முடித்துக் கொடுத்தது. அந்த அலைக்கற்றையைப் பயன்படுத்த அனுமதி உண்டு, பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. போக்குவரத்துத் துறையும் 2024 ஆகஸ்டில் ஒரு திட்டம் வெளியிட்டது, 2036க்குள் தேசிய நெடுஞ்சாலைகள் முழுவதும் இந்த வசதி என்று அதில் இலக்கு இருக்கிறது. இலக்கு என்பது விதி அல்ல.

எழுத்தில் விதியாகவே வந்தது வேறொன்று: தானியங்கி அவசர பிரேக். 2024 ஏப்ரலில் நிட்சா அதை இறுதி செய்து, புது இலகு வாகனங்களுக்கு 2029 செப்டம்பர் என்று கெடு வைத்தது. அது தன் கேமரா, ரேடாரை வைத்து முன்னால் இருக்கிற வண்டிக்கும் நடந்து போகிறவருக்கும் பிரேக் போடும். மூலைக்கு அந்தப் பக்கம் மறைந்து வருகிற வண்டி அதற்குத் தெரியாது.

அப்புறம், கார் வாங்கப் போகிறவர்களுக்கு: ஷோரூமில் 'கனெக்டட் கார்' என்று சொன்னால் பெரும்பாலும் அது சிம் வழியாகக் கம்பெனி சர்வரோடு பேசுவது, போனிலிருந்து கதவு திறப்பது, ஏசி போடுவது போன்ற சேவை. பக்கத்து வண்டியோடு நேரடியாகப் பேசுமா என்று தனியாகக் கேளுங்கள். பேசும் என்றால், எந்தெந்தக் கம்பெனி வண்டிகளோடு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.