கிளாஸ்ரூமில் போட்டாச்சே, அப்புறம் என்ன?

இந்தத் தவணையும் அதே கூத்துதான். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, 'தோட்ட வாழ்க்கை' இடுபணியில் (அசைன்மென்ட்) தேயிலை பறிக்கும் படத்தை ஒட்டி அனுப்பியிருக்கிறது. பிள்ளையைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஆசிரியர் ஒருவர்தான் படிப்பார், புள்ளி போட்டதும் குப்பைக்குப் போகும் என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

திறந்த கல்வி அறிஞர் டேவிட் வைலி 2013இல் இப்படிப்பட்டவற்றைத்தான் தூக்கியெறியும் இடுபணி என்றார். இதற்கு மாற்றுதான் புதுப்பிக்கத்தக்க மதிப்பீடு. மாணவர் செய்த வேலை புள்ளி வாங்கிய பிறகும் யாருக்காவது உதவும். அடுத்து வரும் மாணவர் அணி அதைத் திருத்தி வளர்க்கும்.

இதைச் சொன்னால் சக ஆசிரியர்கள், "அதான் கூகுள் கிளாஸ்ரூமில் போட்டாச்சே" என்கிறார்கள். போட்டால்? கடவுச்சொல் உள்ளவர் மட்டும் பார்ப்பார். தவணை முடிந்ததும் அந்த வகுப்பையே மூடிவைப்பீர்கள். சரி, எல்லாருக்கும் லிங்க் கொடுக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பார்க்கலாம், ஆனால் எடுத்துத் திருத்த உரிமை எங்கே? எழுதிய மாணவர்தான் பதிப்புரிமைக்காரர். யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற திறந்த உரிமத்தை அவர் தராதவரை அது பூட்டிய அலமாரிதான், ஐயா.

பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), மங்கு (ரப்பர் பால் வடியும் கிண்ணம்), ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டிய பால்) என்று தோட்டச் சொற்களை ஓர் அணி பாட்டிமாரிடம் கேட்டுத் தொகுக்கட்டும். வரைவும் கருத்தும் இணையத்தில் நடக்கட்டும். எது சரி என்ற சண்டையை நேர்வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அணி விட்டுப்போனதைச் சேர்க்கும். திருத்தியதற்கும் புள்ளி கொடுங்கள்.

பாட்டி சொன்னதை அப்படியே தமிழ் விக்கிப்பீடியாவில் கொட்டாதீர்கள். அங்கே ஏற்கெனவே வெளியான நம்பகமான ஆதாரம் கேட்பார்கள், நீக்கிவிடுவார்கள், பிள்ளை அழும். மங்கின் படத்தை விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக்கிடங்கில் ஏற்றலாம். ஆனால் 'வணிகத்துக்குக் கூடாது' என்ற உரிமம் அங்கே செல்லாது.

பாட்டியின் குரலையும் முகத்தையும் பொதுவில் போட முதலில் அவரிடம் கேளுங்கள். அடையாள அட்டை எண், கைப்பேசி எண் எதுவும் வெளியே போகக்கூடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தைக் கொடுத்தால் கொடுத்ததுதான், பிறகு திரும்ப வாங்க முடியாது. ஆகவே மாணவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். மாட்டேன் என்பவருக்கும் அதே புள்ளித்திட்டம்தான். தயவுசெய்து இதையெல்லாம் தவணைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்; கடைசி வாரத்தில் ஒப்புதல் தாளை நீட்டினால், புள்ளிக்குப் பயந்து எந்தப் பிள்ளையும் கையெழுத்துப் போடும்.