மேலே 80 டன், கீழே கொட்டகை

மலேசியாவின் பினாங்கில், பத்து மாவுங் சாலையில் போய் வருகிறவர்களுக்கு 2013 ஜூன் 6 மாலை மறந்திருக்காது. பினாங்கு இரண்டாவது பாலத்தின் இணைப்புப் பாதை, கட்டிக்கொண்டிருக்கும்போதே சாலைமேல் சரிந்தது. அடியில் சிக்கிய காரில் ஓர் உயிர் போனது. கட்டி முடித்த பாலத்தைவிடப் பாதியில் நிற்கும் பாலமே ஆபத்தானது. பாரம் தூணுக்கு இறங்கும் வழி வேலை நடக்க நடக்க மாறிக்கொண்டே இருக்கும். அந்தந்த நாளின் நிலைக்குத் தனிக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மெல்பர்னின் வெஸ்ட் கேட் பாலத்தைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

அதன் உத்தரம் உள்ளே வெற்றிடமுள்ள எஃகுப் பெட்டி. தூக்குவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, 112 மீட்டர் நீளமுள்ள ஒரு கண்ணை (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பாலப் பகுதியை) நெடுக்குவாட்டில் இரண்டு பாதியாகத் தரையில் பூட்டி, மேலே ஏற்றி, அங்கே இணைக்கப் பார்த்தார்கள். வினையே அதில்தான். பாதிப் பெட்டியின் மேல்தகட்டுக்கு உள்பக்க விளிம்பில் பிடிமானம் இல்லை. உத்தரம் தன் எடையால் தொய்யும்போது அந்தத் தகடுதான் அமுக்கம் தாங்குகிறது. பழைய பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு கீற்றுத் தகரம் வெட்டி, இரு முனையையும் பிடித்து நெருக்கிப் பாருங்கள். தகரம் நசுங்காது, சட்டென்று பக்கவாட்டில் புடைக்கும்.

மேலே ஏற்றிய பிறகு, ஒரு பாதி மற்றதைவிட 11.4 சென்டிமீட்டர் உயர்ந்து நின்றது. ஒழுங்காகச் சரிசெய்யாமல், உயர்ந்த பாதிமேல் 8 டன் கான்கிரீட் கட்டிகள் பத்தை வைத்தார்கள். 80 டன்! தகடு புடைத்தது. புடைத்த தகடு தன் பங்குப் பாரத்தை அக்கம்பக்கத்துத் தகடுகள் தலையில் கட்டிவிடும். அதைக் கண்டதுமே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டு, 1970 அக்டோபர் 15 காலை, புடைப்பைத் தட்டையாக்கக் குறுக்கு இணைப்பின் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். அமுக்கத்தை ஒரு தகட்டிலிருந்து அடுத்ததற்குக் கடத்தியதே அந்தப் போல்ட்டுகள்தான். கழற்றக் கழற்றப் புடைப்பு பரவியது. பகல் 11:50-க்குச் சுமார் 2000 டன் இரும்பு கீழே விழுந்தது. 35 பேர் இறந்தார்கள்.

போல்ட் கழற்றியவர்களைக் குறை சொல்வது தவறு. அதே ஆண்டு ஜூனில் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவனில், வெஸ்ட் கேட்டை வடிவமைத்த அதே நிறுவனத்தின் பெட்டி உத்தரப் பாலம் கட்டும்போதே விழுந்து நால்வர் இறந்திருந்தனர். பயந்த வெஸ்ட் கேட் தொழிலாளர்களிடம் ஒன்றும் ஆகாது என்றார்கள். அந்த ஆண்டிலேயே எஃகு வேலை ஒரு குத்தகையாளரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறியிருந்தது. முதல் குத்தகையாளர் சொன்ன பாதிப்பாதி முறையை வடிவமைப்பாளர்கள் சரியாகச் சோதிக்கவே இல்லை என்றது விசாரணை ஆணையம்.

ஒவ்வொரு தூக்கலுக்கும் தனிக் கணக்கு, எத்தனை மில்லிமீட்டர் தாண்டினால் வேலை நிற்கும் என்ற எழுத்து, போல்ட் கழற்ற ஒரு பொறியாளரின் கையெழுத்து: இத்தனையும் முன்கூட்டியே இருந்திருக்க வேண்டியவை. இன்னொன்றுக்குக் கணக்கே தேவைப்பட்டிருக்காது. தொழிலாளர்களின் கொட்டகைகள் அந்தக் கண்ணுக்கு நேர் கீழே இருந்தன. சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. இறந்தவர்களில் சிலர் அந்தக் கொட்டகைகளில் இருந்தவர்கள்.