மின்சாரம் போன கடையும் காத்திருக்கும் சர்வரும்

தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போகிறது, யுபிஎஸ்ஸும் கைவிடுகிறது, கணினி அணைகிறது. கடையின் தரவுத்தளமோ தரமணியில் உள்ள ஒரு சர்வரில் இருக்கிறது. கணினி அணைந்த செய்தி சர்வருக்கு எப்போது எட்டும்? தானாக எட்டவே எட்டாது.

பில் போடும் மென்பொருள் மட்டும் செயலிழந்திருந்தால் சிக்கலில்லை. கணினியை நடத்தும் அடிப்படை மென்பொருளான இயங்குதளம் விழித்திருக்கும், திறந்திருந்த இணைப்புகளை மூடி, மறுமுனைக்கும் சொல்லிவிடும். மின்சாரமே போனால் சொல்ல ஆளில்லை. கணினிகள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் டிசிபி நெறிமுறையில் பேசாமலிருப்பது குற்றமுமல்ல; ஒரு பைட்கூடப் போகாமல் ஓர் இணைப்பு நாள்கணக்கில் நிலைத்திருக்கலாம். எனவே மௌனத்தை வைத்து மட்டும் மறுமுனை போய்விட்டது என்று சர்வரால் முடிவுகட்ட முடியாது.

இப்படி அநாதையான இணைப்புகள் இடத்தை அடைப்பது ஒரு தொல்லை. தரவுத்தள மென்பொருள்களில் போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளையும் மைஎஸ்கியூஎல் 151 இணைப்புகளையும்தான் அனுமதிக்கும். ஆனால் பெரிய ஆபத்து பூட்டுதான், அதாவது ஒருவர் மாற்றும் பதிவில் வேறு யாரும் கைவைக்காதபடி தரவுத்தளம் போடும் தடை. சேலையின் இருப்புக் கணக்கைக் குறைத்தாகிவிட்டது, பரிவர்த்தனையை, அதாவது ஒன்றாகவே முடிய வேண்டிய அந்த மாற்றங்களின் தொகுப்பை, உறுதிசெய்யும் கட்டளை மட்டும் வரவில்லை. அந்தப் பதிவின் மேல் விழுந்த பூட்டு அப்படியே கிடக்கும். அடுத்த கவுண்டரில் அதே ரகச் சேலையை விற்க முயல்பவர் திரையையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இதற்காகவே டிசிபியில் ‘கீப்அலைவ்’ என்ற ஏற்பாடு உண்டு. மௌனம் நீண்டால் சர்வர் ஒரு வெற்றுச் செய்தியை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் இயல்பான அமைப்பில் முதல் விசாரிப்புக்கே இரண்டு மணி நேரம் ஆகும். பிறகு 75 விநாடிக்கு ஒருமுறையாக 9 முயற்சிகள். மொத்தம் 2 மணி 11 நிமிடத்துக்கும் சற்று மேல். இந்த இரண்டு மணி நேரம் 1989-இல் வெளியான இணைய விதிமுறை ஆவணத்திலிருந்து வருவது. தீபாவளி வியாபாரத்துக்கு அது ஆகவே ஆகாது. ஒரு நிமிட மௌனம், பத்து விநாடி இடைவெளி, ஆறு முயற்சிகள் என்று மாற்றினால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். இன்னும் இறுக்கினால், இணையம் சற்றுத் தடுமாறினாலே நல்ல இணைப்புகளும் அறுந்துபோகும்.

கீப்அலைவுக்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. பலரும் இதைக் கவனிப்பதில்லை. பதில் சொல்வது இயங்குதளம், மென்பொருள் அல்ல. மென்பொருள் உறைந்து நின்றாலும் கணினி ‘இருக்கிறேன்’ என்றே சொல்லும், பூட்டும் விலகாது. பரிவர்த்தனையைத் திறந்துவைத்துச் சும்மா இருக்கும் இணைப்பை வெட்டும் கெடு, போஸ்ட்கிரெஸில் 2016-இல் வந்த 9.6 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதை நாமே இயக்க வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் சும்மா இருக்கும் இணைப்புக்கு இயல்பான கெடு 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம்! கடையே மூடிவிடும்.

அவசரத்துக்குக் கையால் வெட்டுவதானால் தரவுத்தளத்தின் சொந்தக் கட்டளையைக் கொண்டே வெட்டுங்கள். போஸ்ட்கிரெஸில் இயங்குதளத்தின் வழியாக ஓர் இணைப்பைக் கவனிக்கும் செயல்முறையை (சர்வரில் ஓடும் நிரலை) வலுக்கட்டாயமாகக் கொன்றால், மற்ற எல்லா இணைப்புகளையும் அறுத்துக்கொண்டு சர்வர் மீட்பு வேலையில் இறங்கிவிடும். முறைப்படி வெட்டினால் அந்த ஒரு பரிவர்த்தனை மட்டும் பின்வாங்கப்பட்டு, பூட்டு விலகும். அந்த பில்லை மட்டும் கடைக்காரர் மறுபடி போட வேண்டியிருக்கும்.