அழாதே என்று சொல்லாத கவிதை

"சொல்லத் தெரியேல்ல, மிஸ்." வெள்ளவத்தையில் உளவளத்துணைக்கு வருகிறவர்களிடம் நான் அதிகம் கேட்டது இதுதான்.

2022இல், பெற்றோல் வரிசையிலும் மின்வெட்டிலும் கொழும்பு தவித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்தார். இளைப்பாறிய தமிழ் ஆசிரியை. (அவருடைய சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.) கணவர் காலமாகி நான்கு மாதம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "யோசிக்காதீங்கோ, எல்லாம் சரிவரும்" என்றார்களாம். அவர் அழவேயில்லை. அதைத் தைரியம் என்று வேறு மெச்சியிருக்கிறார்கள், எங்கள் ஆட்கள்!

மூன்றாம் சந்திப்பில் புறநானூற்றின் 112ஆம் பாட்டை எழுதிக் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னேன். பாரி மகளிர் பாடிய ஐந்தே வரி. அன்றைய நிலவில் அப்பா இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் மலையும் போய்விட்டது, அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். நாளை விடியும் என்று அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. வாசித்து முடித்தவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இவ்வளவு காலமும் பிள்ளையளுக்குப் பொருள் சொல்லிக் குடுத்தனான். இண்டைக்குத்தான் வாசிச்சனான்." அப்புறம்தான் அழுதார்.

வாட்ஸ்அப்பில் காலையில் வரும் தன்னம்பிக்கை வரிகளை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. துயரத்தில் இருப்பவருக்கு அவை இன்னொரு "அழாதே"யாகத்தான் கேட்கும். இழந்தது இன்னது என்று சரியாகச் சொல்லும் கவிதை அப்படியல்ல, பக்கத்தில் வந்து உட்காரும். ஊரில் இந்த வேலையை ஒப்பாரி செய்தது. தொடர்மாடியில் யார் வாய்விட்டு அழுகிறார்கள்? மலர்ச்சாலையில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

எழுதுவதும் உதவும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை உலுக்கிய அனுபவத்தை எழுதினார்கள். நடந்ததோடு உணர்ந்ததையும் எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் வைத்தியரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதிய கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது. அதனால்தான், இழப்பு நடந்த சில நாட்களுக்குள் "எழுது, எழுது" என்று யாரையும் நெருக்காதீர்கள். எழுத எழுத நடுக்கமோ பயமோ கூடினால் கொப்பியை மூடிவிடலாம்.

கவிதை மருந்துக்குப் பதில் அல்ல. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் வைத்தியரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 1926க்கு அழையுங்கள். இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் அது, 24 மணி நேரமும் இயங்குகிறது.

எழுதியதைக் காட்டும்படி நான் கேட்பதில்லை. அந்த அம்மா தானாகவே ஒரு வரியை வாசித்தார்: "கரண்ட் போனால் லாம்பு எங்க இருக்கெண்டு அவருக்குத்தான் தெரியும்." பிறகு கொப்பியைப் பைக்குள் வைத்து, அடுத்த கிழமைக்கு நேரம் கேட்டார்.