சொல் விளக்கம்: அவதார்

கணினியோ கைபேசியோ காட்டும் மெய்நிகர் உலகத்தில் ஒருவர் தமக்கென்று ஏற்று, அதைக் கொண்டே நடக்கவும் பேசவும் பொருள்களை எடுக்கவும் செய்கின்ற உருவத்துக்கு 'அவதார்' என்று பெயர். எங்கள் பாம்பன் பக்கத்துப் பிள்ளைகள் இந்தச் சொல்லை அவ்வளவாகச் சொல்வதில்லை; 'என் கேரக்டர்', 'என் ஐடி' என்பார்கள். ஆயினும் கட்டுரைகளிலும் பாடநூல்களிலும் 'அவதார்' நிலைத்துவிட்டதால், அது எங்கிருந்து வந்தது, அதற்கு ஈடாக எதை எழுதலாம் என்று பார்ப்பது பயன் தரும்.

வடமொழியில் 'அவ' என்பது கீழ்நோக்குதலைக் குறிக்கும் முன்னொட்டு. அதனோடு கடத்தல் என்னும் பொருளுடைய வேர் சேரும்போது 'இறங்கி வருதல்' என்ற பொருள் பிறக்கிறது. மேலிருந்து தெய்வம் மண்ணுக்கு இறங்குவதை அவதாரம் என்றது அதனால்தான். அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் நம் கடற்கரையில் நாள்தோறும் புழங்குகிறது: தீர்த்தம். நீரைக் கடப்பதற்கு இறங்கும் இடம் என்பதே அதன் முதற்பொருள். தமிழில் துறை என்போம். அக்னி தீர்த்தக் கடலில் மூழ்கியெழுந்து, இராமேசுவரம் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நீர் ஊற்றப்பெற்று, ஈரத்துணியோடு நடக்கிறவர்கள் ஒவ்வொருவரும் அவதாரத்தின் உடன்பிறந்த சொல்லில்தான் நனைகிறார்கள்.

ஆங்கிலத்துக்குப் போன சொல் இறுதி எழுத்துகளை இழந்து 'அவதார்' ஆயிற்று. 1980களின் நடுவில் சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் என்னும் விளையாட்டு நிறுவனத்தில் உருவாக்கிய 'ஹாபிடாட்' என்னும் இணைய உலகத்தில், திரையில் தோன்றும் ஆளுக்கு இப்பெயர் வழங்கியது. 2003இல் வந்த 'செகண்ட் லைஃப்' என்னும் மெய்நிகர் உலகம் அதைப் பரவலாக்கியது.

பொருள் இங்கேதான் மாறிவிட்டது. தெய்வம் அவதரித்தால் உருவம் மாறுமேயன்றித் தெய்வத்தின் தன்மை குறைவதில்லை. மெய்நிகர் உலகத்தைப் பற்றிய ஆய்வுகளோ, ஏற்ற உருவம் ஏற்றவரையே மாற்றுகிறது என்கின்றன. நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் ஆகிய இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயரமான உருவம் பெற்றவர்கள் பணத்தைப் பங்கிடும் பேரத்தில் குட்டை உருவம் பெற்றவர்களைவிடத் தமக்குச் சாதகமாக நின்றார்கள். எதிரில் இருந்தவருக்கு அந்த உயர வேறுபாடு தெரியவே தெரியாது. நினைத்தபடி உருமாறும் கிரேக்கக் கடல்தெய்வமான புரோட்டியசின் பெயரை இந்த விளைவுக்கு இட்டார்கள்.

கல்வி ஆய்வாளர் ஜேம்ஸ் பால் ஜீ 2003இல் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். ஆடுகிறவரின் சொந்த அடையாளம் ஒன்று, திரையிலுள்ள ஆளின் அடையாளம் ஒன்று. இவ்விரண்டுக்கும் நடுவே, 'இந்த ஆள் எப்படிப்பட்டவனாக வளர வேண்டும்' என்று ஆடுகிறவர் தம் விருப்பங்களையும் மதிப்பீடுகளையும் அதன்மேல் ஏற்றி உருவாக்கும் மூன்றாவது அடையாளம் ஒன்று. ஆழமான கற்றல் நிகழ்வது இந்த மூன்றாவதில்தான் என்பது அவர் கருத்து. அதை நான் எங்கள் வீட்டுத் திண்ணையில் பார்த்திருக்கிறேன். கட்டைகளை அடுக்கி வீடும் படகும் செய்யும் விளையாட்டில் இருந்த என் அக்கா மகன், திடீரென்று, "மாமா, நான் தண்ணிக்குள்ள விழுந்துட்டேன்" என்றான். அவன் மேல் ஒரு துளி ஈரமில்லை. 'அவன் விழுந்துட்டான்' என்று அவன் வாயில் வரவில்லை. 'நான்' என்றுதான் வந்தது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'அவதாரம்' என்றே எழுதலாம் என்பாருண்டு. அது தெய்வத்துக்குரிய பொருளை உடன் இழுத்து வருகிறது. 'வேடம்' என்பது பொருத்தத்தில் மிக நெருங்கியது. தெற்கே குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு விரதமிருந்து காளி வேடம் கட்டியவரை ஊரார் தாயாகவே பார்க்கிறார்கள். அவரும் அந்த நாள்களில் அதற்கேற்பவே நடந்துகொள்கிறார். ஆனால் 'வேடம் போடுகிறான்' என்றதும் பொய்மையும் சேர்ந்துவிடுகிறது. கற்றலைப் பற்றி எழுதும்போது அந்தக் கறை வேண்டாம்.

ஆகவே 'தோற்றுரு' என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். 'தோற்றுதல்' என்பது தோன்றச் செய்தல். ஆகவே இது தானாக அமைந்த உருவமன்று, ஒருவர் தோன்றச் செய்யும் உரு என்பது சொல்லிலேயே இருக்கிறது. அதைவிட, 'உரு' என்பதன் சுற்றம் பெரிது: உருவாதல், உருமாறுதல், பாடத்தை உருப்போடுதல். அன்று திண்ணையில் என் தாயார், "இதையே பாத்துக்கிட்டிருந்தா நீ எப்படிடா உருப்படுவ?" என்று பேரனைக் கடிந்துகொண்டார். உருப்படுதல் என்றால் ஓர் உருவத்துக்கு வருதல், ஆளாகுதல். ஜீ மூன்றாவது அடையாளம் என்று சொன்னதும் ஆளாகிக்கொண்டிருக்கும் அந்த நிலையைத்தான்.

வினையாக எழுதும்போது 'தோற்றுரு ஏற்றல்' என்பது பொருந்தும்: 'மாணவர்கள் மீனவர் தோற்றுரு ஏற்று, மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைப் பற்றிக் கற்றனர்.' 'அணிதல்' என்று எழுதினால் அது மீண்டும் கழற்றி வைக்கும் சட்டையாகிவிடும்.