சாட்டிலைட் மணல்னு சொல்லுச்சு, எறங்கினா முழங்கால் சேறு

முத்துப்பேட்டைக்கும் கோடியக்கரைக்கும் நடுவுல, கடல் தண்ணி வத்தறப்ப மட்டும் வெளிய தெரியற சேத்துத்தரைய மேப் போடற வேலை. சென்டினல்-2ங்கற சாட்டிலைட் எடுத்த படத்த டவுன்லோட் பண்ணி ஓடவிட்டா அலையாத்தி காட்டுக்கு கிழக்கால வெள்ளையா பெரிய திட்டு ஒண்ணு, சாஃப்ட்வேர் அத மணல்னு குறிச்சுது, நானும் அப்படியே ரிப்போர்ட்ல எழுதிட்டேன். சாம்பிள் எடுக்கப் போனப்ப படகுக்கார அண்ணன், "எறங்காதீங்க தம்பி, அது மணல் இல்ல, உப்பு பூத்துருக்கு"ன்னார். நான் கேக்கல. ரெண்டாவது எட்டுல வெள்ளைப் பொருக்கு அப்பளம் மாதிரி நொறுங்கி முழங்கால் வரைக்கும் உள்ள போயிருச்சு. ஒரு செருப்பு இன்னமும் அங்கதான் கெடக்கு.

சாட்டிலைட் பாக்கறது மேல் தோல மட்டும்தான். காஞ்ச மணல் பளிச்னு தெரியும், சேறு தண்ணிய புடிச்சு வச்சுக்கறதால கருப்பா தெரியும், குறிப்பா நம்ம கண்ணுக்குத் தெரியாத ஷார்ட்வேவ் இன்ஃப்ராரெட் ஒளில எடுத்த படத்துல. ஆனா கோடைல சேறு காஞ்சு உப்பு பூத்தா அதுவும் மணல் மாதிரி பளபளங்கும், தண்ணி இப்பத்தான் வடிஞ்ச ஈர மணலோ சேறு மாதிரி கருப்பா நிக்கும், மேல பாசி படிஞ்சா சாஃப்ட்வேர் அத செடின்னு நெனச்சுக்கும். ஆய்வகத்துல 63 மைக்ரான் சல்லடைல அலசினாதான் தெரியும், மேல தங்கறது மணல், கீழ எறங்கறது வண்டலும் களியும்.

இன்னொரு சிக்கல் நேரம். சென்டினல்-2 எப்பவும் காலைல பத்தரை மணி வாக்குலதான் மேல போகும். கடல் அப்படி இல்ல, ஏத்தமும் வத்தமும் தெனம் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப் போகும். இதுல வேடிக்கை என்னன்னா அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி வர்ற பெரிய வத்தம் ஒரு ஊர்ல ஏறக்குறைய அதே மணிக்குத்தான் வரும், அந்த மணி பத்தரைக்கு தோதா இல்லேன்னா கடைசியா வெளிய தெரியற தரை எந்தப் படத்துலயும் சிக்காது. குஜராத் பக்கம் காம்பே வளைகுடால தண்ணி 10 மீட்டர் ஏறி எறங்கும், இங்க 1 மீட்டர் கூட இல்லயேன்னு நெனப்பீங்க, ஆனா தரை அவ்ளோ தட்டை, ஒரு சாண் தண்ணி ஏறினா நூறு மீட்டருக்கு மேல முழுகிடும்.

சீசன் வேற இருக்கு. நம்ம கரைல அக்டோபர், நவம்பர்ல கடல் மட்டம் கொஞ்சம் ஒசந்தும் மார்ச் வாக்குல தாழ்ந்தும் இருக்கும். கஜா புயல் 2018 நவம்பர் 16 வேதாரண்யம் பக்கம் கரையேறினப்புறம் எனக்கு வாட்ஸ்அப்ல வந்த படம் ஒண்ணுல, எடது பக்கம் மார்ச்ல எடுத்த சாட்டிலைட் படம், வலது பக்கம் டிசம்பர்ல எடுத்தது, கீழ "கடல் முழுங்கிருச்சு"ன்னு எழுதிருந்துச்சு. புயல்ல கரைல சேறு ஒதுங்கினது உண்மைதான், அத நான் மறுக்கல. ஆனா அந்தப் படத்துல காணாமப்போன தரைல எவ்ளோ புயல் வேலை, எவ்ளோ சீசன் தண்ணின்னு ரெண்டு படத்த வச்சு சொல்லவே முடியாது. 2019ல நேச்சர் இதழ்ல உலக சேத்துத்தரை மேப் வந்துச்சே, அதுக்கே 1984லேர்ந்து 2016 வரைக்குமான லேண்ட்சாட் சாட்டிலைட் படம் 7 லட்சத்துக்கு மேல அடுக்கிப் பாத்தாங்க.

இப்ப யாராவது படம் அனுப்பினா தேதியும் எடுத்த மணியும் கேப்பேன், அன்னிக்கு தண்ணி எங்க நின்னுச்சுன்னு டைட் டேபிள்ல, அதாவது ஏத்த வத்த நேரப் பட்டியல்ல பாப்பேன். வெள்ளையா திட்டு இருந்தா படகுக்கார அண்ணனுக்கு ஒரு ஃபோன்.