சின்ன காரில் பெரிய இன்ஜின்: மோட்டார் வாகனச் சட்டம் எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது?

மாருதி 800 காரின் இன்ஜின் 796 சிசி, மூன்று சிலிண்டர், 40 குதிரைத்திறனுக்கும் குறைவு. அதை இறக்கிவிட்டு எஸ்டீம் காரின் 1298 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜினை ஏற்றினால், ஏறக்குறைய 650 கிலோ எடையுள்ள கார் ஆளே மாறிவிடும். இந்த வேலையை நேர்த்தியாகச் செய்யத் தெரிந்த மெக்கானிக்குகள் இந்தியாவில் இருக்கிறார்கள். சிக்கல் ஒர்க்‌ஷாப்பில் இல்லை, ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. "முதல்ல இன்ஜினைப் போட்டுடலாம், ஆர்.சி.யில அப்புறம் மாத்திக்கலாம்" என்ற பேச்சை நம்பிப் பணத்தைக் கொட்டிய பிறகு, ஓட்டவும் முடியாமல் விற்கவும் முடியாமல் தவிக்கும் இளைஞர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-வது பிரிவுதான் இதில் அடிப்படை. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கும் முரண்பாடு வரும்படி எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது அது. வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றும் அளவுக்கு அதன் அமைப்பில் செய்யப்படும் எதுவும் 'மாற்றம்' என்று அதே பிரிவில் விளக்கமும் உண்டு. உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். இன்ஜின் எண், சேஸிஸ் எண், சிசி, சிலிண்டர்களின் எண்ணிக்கை, எரிபொருள், எடை என்று வரிசையாக இருக்கும். பெரிய இன்ஜின் ஏறினால் இவற்றில் சேஸிஸ் எண்ணையும் எரிபொருளையும் தவிர ஏறத்தாழ எல்லாமே பொய்யாகிவிடும்.

மாநில விதிகளைக் காட்டி இதில் வழி தேடியவர்கள் உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. வாகன அமைப்பில் மாற்றம் செய்ய இடம் தந்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை அது ரத்து செய்தது. உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது, மாநில விதிகளும் அதற்குக் கட்டுப்பட்டவையே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதனால் "எங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒத்துக்குவாங்க" என்று யாராவது சொன்னால், அந்த அலுவலகத்துக்கே அப்படி ஒத்துக்கொள்ளும் அதிகாரம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அப்படியானால் இன்ஜினைத் தொடவே கூடாதா? அப்படியும் இல்லை. பழைய இன்ஜின் கெட்டுப்போனால் அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை மாற்றிக்கொள்ளலாம். இன்ஜின் எண் மாறுவதால் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து அனுமதி பெற்று ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்றியாக வேண்டும். மாற்றம் நடந்த 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் கெடு வைக்கிறது. ஆனால் அந்த 14 நாட்களை நம்பி முதலில் வேலையை முடித்துவிட்டுப் போகாதீர்கள். முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டு இன்ஜினை இறக்குவதுதான் பாதுகாப்பு. வேலை முடிந்ததும் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் வண்டியைக் காட்ட வேண்டியிருக்கும். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றோடு இன்ஜின் வாங்கிய ரசீதும் கையில் இருக்கட்டும். கடனில் எடுத்த கார் என்றால் கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதமும் தேவை. இவற்றில் பலர் கோட்டைவிடுவது ரசீதில்தான். பழைய இரும்புக் கடையிலிருந்து துண்டுச்சீட்டோடு வந்த இன்ஜினுக்கு அது எந்த வண்டியினுடையது என்பதற்கே ஆதாரம் இருக்காது. திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்துவிட்டால் விவகாரம் போக்குவரத்து அலுவலகத்தோடு நிற்காது.

எரிபொருளை மாற்றுவதற்கும் சட்டம் வழிவிட்டிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட்டுகளைப் பொருத்தலாம். 3.5 டன்னுக்குக் குறைவான பி.எஸ்.-6 (புகை வெளியீட்டு வரம்பின் ஆறாம் கட்டம்) வாகனங்களுக்கும் இதை விரிவுபடுத்தி 2022-இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. டீசல் இன்ஜினை எடுத்துவிட்டு சி.என்.ஜி. இன்ஜின் பொருத்துவதும் அதில் அடங்கும். பேட்டரிக்கு மாற்றும் கிட்டுகளுக்கு ஏ.ஐ.எஸ்.-123 என்ற தரநிலை இருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் ஓட்டுவதற்கு ஏற்றபடி காரை மாற்றியமைக்கவும் 2019 திருத்தம் தனியாக இடம் தருகிறது. மாற்றி முடித்த பிறகு ஒப்புதல் பெற்றால் போதும். வேகத்துக்காகப் பெரிய இன்ஜின் பொருத்துவது இவற்றில் எதிலும் வராது.

அதே மாடல் காரில் நிறுவனமே பெரிய இன்ஜின் வைத்து விற்கிறதே, அதை என் காரில் போட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் பார்ப்பது மாடலின் பெயரை அல்ல, உங்கள் சேஸிஸ் எண்ணுக்கு உற்பத்தியாளர் கொடுத்த விவரத்தை. அந்த எண்ணுக்கு 1197 சிசி என்று பதிவாகியிருந்தால், 1.5 லிட்டர் இன்ஜின் அதே நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் அது வேறு வகைதான். நிறுவனம் அந்தப் பெரிய இன்ஜினோடு கூடவே பிரேக், ஸ்பிரிங், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாவற்றையும் மாற்றி, முழு வண்டியையும் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை மையத்தில் காட்டி ஒப்புதல் வாங்குகிறது. இன்ஜினை மட்டும் எடுத்து வைத்தால் அந்தச் சோதனை உங்கள் காருக்குப் பொருந்தாது.

இதை வெறும் காகிதச் சடங்காக நான் பார்க்கவில்லை. 80 கி.மீ. வேகத்திலிருந்து காரை நிறுத்த பிரேக் எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறதோ, 120 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்த அதைப்போல இரண்டேகால் மடங்கு உள்வாங்க வேண்டும். 12 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்கும் பிரேக்கில் அதற்கான இடமே குறைவு. முன்புற எடை கூடும்போது வளைவில் வண்டி திரும்ப மறுக்கும். முன்சக்கர இழுவை கார் என்றால் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கவும் செய்யும். இதனால் ஆபத்து ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, எதிரே வருபவருக்கும்தான்.

மீறினால் என்ன? 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இந்த உட்பிரிவு பொறுப்பை உரிமையாளர் தலையில் வைக்கிறது, இன்ஜினைப் பொருத்திக் கொடுத்த மெக்கானிக் தலையில் அல்ல. புகை, சத்த வரம்புகளை மீறினால் 190-வது பிரிவில் தனியாக 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் உண்டு.

இவற்றைவிட நான் பெரிதாக அஞ்சுவது 55-வது பிரிவை. வண்டியில் பொறிக்கப்பட்ட இன்ஜின் எண்ணோ சேஸிஸ் எண்ணோ ஆர்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தால், உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்ட பிறகு பதிவையே ரத்து செய்ய அது வகைசெய்கிறது. அபராதத்தைக் கட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். பதிவு போனால் காரை எடுத்துக்கொண்டு தெருவுக்கே வர முடியாது.

அடுத்தது இன்ஷூரன்ஸ். தனியார் கார்களுக்கான மூன்றாம் நபர் பிரீமியம் சிசியை வைத்தே நிர்ணயிக்கப்படுகிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தில் 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். 800 சிசி என்று சொல்லி பாலிசி எடுத்துவிட்டு 1300 சிசியோடு ஓட்டினால், முக்கியமான உண்மையை மறைத்ததாக நிறுவனம் வாதாடலாம். சொந்தக் காரின் சேதத்துக்குப் பணம் வராது என்பதோடு போகாமல், விபத்தில் அடிபட்டவருக்கான இழப்பீடும் உங்கள் சொத்தைத் தேடி வரக்கூடும். சரி, நிறுவனத்திடம் மாற்றத்தைச் சொல்லிவிடலாம் என்றால், ஆர்.சி.யில் பதிவான நகலைக் கேட்பார்கள்.

நிறுவனங்களே ஏன் சின்ன கார்களில் பெரும்பாலும் பெரிய இன்ஜின் வைப்பதில்லை என்பதற்குப் பின்னாலும் ஓர் அரசு விதிதான் இருக்கிறது. நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்குள் இன்ஜினும் இருந்தால் வரி குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, வரம்பைத் தாண்டியவற்றுக்கு 40. 1197, 1199 சிசி என்று விளிம்பில் நிற்கும் இன்ஜின்கள் இங்கே இத்தனை இருப்பது அதனால்தான். கூடுதல் வேகம் வேண்டுவோருக்கு அந்த வரம்புக்குள்ளேயே டர்போ இன்ஜின் கொண்ட ஹேட்ச்பேக்குகள் கிடைக்கின்றன. பழைய காரில் இன்ஜின் மாற்ற ஆகும் செலவை அந்த டர்போ காரின் விலையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முழுத் தடை சரியா என்று கேட்டால், எனக்கு அதில் மாற்றுக் கருத்து உண்டு. ஜெர்மனியில் மாற்றிய காரைத் தகுதி பெற்ற பொறியாளர் தனித்தனியாகச் சோதித்துச் சான்று தரும் முறை இருக்கிறது. பிரிட்டனில் இன்ஜின் மாற்றத்தை ஆதாரத்தோடு தெரிவித்துப் பதிவேட்டில் ஏற்றலாம். 52-வது பிரிவிலேயே, வாகன மாற்றத்துக்கான விவரக்குறிப்புகளையும் நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம் என்று இருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, பிரேக்கும் சஸ்பென்ஷனும் இன்ஜினுக்கு ஈடாக மாற்றப்பட்டதா என்று சோதிக்கும் ஒரு வழியைத் திறந்தால், இப்போது ஒளித்துச் செய்யப்படும் வேலை வெளிச்சத்துக்கு வரும். அதுவரை இருக்கும் சட்டம் இதுதான்.

பந்தயத்துக்காக மட்டும் கார் கட்டுபவர்களுக்கு இடம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற மூடிய தடங்களில், பந்தய அமைப்பின் தொழில்நுட்ப விதிகளுக்கு உட்பட்டு ஓட்டலாம். தடத்துக்கு அந்தக் காரை லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

பழைய கார் வாங்குபவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே பானெட்டைத் திறந்து, இன்ஜின் பிளாக்கில் பொறித்த எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்றிய பிறகு பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், எண் ஒத்துப்போகவில்லை என்றால், அதே வகை இன்ஜினை ரசீதோடு வாங்கிப் பொருத்தி அனுமதிக்கு விண்ணப்பிப்பதே வழி. பதிவு அலுவலகம் 52 அல்லது 55-வது பிரிவின் கீழ் உங்களுக்கு எதிராக உத்தரவு போட்டால், அது கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் 57-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு எந்தத் தேதியில் வந்தது என்பதற்கான தபால் உறையையும் பத்திரமாக வைத்திருங்கள்.